குடும்பமாகப் பார்க்க வரலாற்றுப் படங்களையும் தொடர்களையும் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வரலாற்றுப் படம் என்றாலே குடும்பத்தோடு பார்க்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று போட்டுவிடுவார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு தலை உருளும். ரிமோட் எங்கே என்று எல்லோரும் தேடுவார்கள். போர், தூக்கு, பஞ்சம், அடிமை வியாபாரம், படுகொலை எல்லாம் சேர்ந்ததுதான் வரலாறு. அதனால் மற்ற எந்த வகைப் படத்தையும்விட இதற்குத்தான் முன்கூட்டிப் பார்த்து வைக்கும் வேலை அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேய்ப் படம் பார்த்துப் பயந்த குழந்தையிடம் "அது சும்மா கதை" என்று சொல்லித் தேற்றலாம். வரலாற்றுப் படத்தில் அந்த வசதி இல்லை. "இது நிஜமாவே நடந்துச்சா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றோ, "இல்லை, இந்த இடம் மட்டும் இயக்குநர் சேர்த்தது" என்றோ பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் உங்களிடம் முன்பே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அமைந்திருக்கின்றன. ஒரு படத்துக்கு மொத்தம் ஒரு மணி நேரம் செலவாகும்: வகை பார்க்க 5 நிமிடம், சான்றிதழுக்கு 10, முன்பார்வைக்கு 30, உண்மை எது கற்பனை எது என்று பிரிக்க 15.

படி 1: அறையில் யார் யார்?

படத்தைத் தேடும் முன் மூன்று பேரை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். வயதில் மிகச் சிறியவர், பொறுமை மிகக் குறைந்தவர், படத்தின் மொழி தெரியாதவர். வன்முறைக்கு எல்லை வகுப்பவர் முதலாமவர், நீளத்துக்கு இரண்டாமவர், டப்பிங்கா சப்டைட்டிலா என்பதற்கு மூன்றாமவர். பல வீடுகளில் இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். நீளத்தைப் பொறுத்தவரை குழந்தைகளைவிட ஃபோனை எடுத்துவிடும் பெரியவர்கள்தான் பலவீனமான கண்ணி.

தோராயமான வயதுக் கணக்கு இது. 7 வயதுக்குக் கீழே இருந்தால் முழுநீள வரலாற்றுப் படம் வேண்டாம். 25 நிமிட அனிமேஷன் தொடர்கள் போதும். 1978இல் பிரான்சில் வந்த 'ஒன்ஸ் அபான் எ டைம்... மேன்' 26 பகுதிகளில் மனித வரலாற்றைச் சொல்லும் நல்ல உதாரணம். 8 முதல் 11 வரை: ஒரே நாயகன், ஒரே சிக்கல், கண்ணுக்குத் தெரியும் முடிவு. பழைய சினிமாவின் முன்னோடி ஜார்ஜ் மெலியேவைச் சுற்றி நடக்கும் 'ஹ்யூகோ' (2011), 1957இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததைப் பார்த்து ராக்கெட் செய்யக் கிளம்பும் பையன்களின் 'அக்டோபர் ஸ்கை' (1999) போன்றவை. 12 முதல் 14 வரை: அநீதி, சட்டம், போராட்டம் பற்றிய படங்கள் நன்றாக எடுபடும் வயது. 15க்கு மேல்: யூத இன அழிப்பைப் பற்றிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993), சோவியத் அணு உலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' தொடர் (2019) போன்ற கனமானவற்றைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பார்க்கலாம். ஒரே அறையில் 8 வயதும் 16 வயதும் இருந்தால் நடுவில் 12ஐப் பிடிக்காதீர்கள். சின்னவருக்கும் அது ஒத்துவராது, பெரியவருக்கும் சலிக்கும். 8க்கு ஏற்றதையே போட்டுவிட்டு, பதினாறு வயதுக்காரருக்குப் படி 5இன் வேலையைக் கொடுங்கள். எங்கே கதை விட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பிடிப்பது அந்த வயதுக்குப் பிடித்த வேலை.

படி 2: எந்த வகைப் படம்?

"வரலாற்றுப் படம்" என்ற ஒரே அலமாரியில் ஐந்து வெவ்வேறு சரக்குகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, ஆவணப்படம். இரண்டு, உண்மையில் வாழ்ந்தவர்களை நடிகர்களை வைத்துக் காட்டுவது: 'காந்தி' (1982), 'அப்போலோ 13' (1995). மூன்று, உண்மையான காலத்தில் கற்பனை மனிதர்கள்: 1893இல் நடப்பதாகச் சொல்லும் 'லகான்' (2001) இந்த வகை. வரிக்கொடுமை உண்மை, அந்த ஊரும் கிரிக்கெட் ஆட்டமும் கற்பனை. நான்கு, வரலாற்று நாவலில் இருந்து வந்தது: 'பொன்னியின் செல்வன்'. இங்கே வரலாற்றுக்கும் படத்துக்கும் நடுவில் கல்கி உட்கார்ந்திருக்கிறார். ஐந்து, வரலாற்று உடை போட்ட கற்பனை. 'பாகுபலி'யில் வரும் மகிழ்மதி எந்த வரைபடத்திலும் கிடையாது. 'ஆர்ஆர்ஆர்' (2022) இன்னும் தந்திரமானது. அல்லூரி சீதாராம ராஜுவும் கொமரம் பீமும் வாழ்ந்தவர்கள், ஆனால் அவர்கள் சந்தித்துக்கொண்டதாக வரலாறு சொல்லவில்லை. பெயர் மட்டும் உண்மை, கதை முழுக்கக் கற்பனை.

ஐந்தாவது வகை தாராளமாகப் பார்க்கலாம், கெட்டுப் போக ஒன்றுமில்லை. அதை இரண்டாவது வகை என்று நினைத்துப் பார்ப்பதுதான் பிரச்சினை. தொடக்கத்தில் வரும் வாசகத்தைக் கவனியுங்கள். "உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது" என்பதற்கும் "உண்மைச் சம்பவங்களால் உந்தப்பட்டது" என்பதற்கும் நிறைய தூரம். இரண்டாவது வாசகம் இருந்தால் பெயர்களைத் தவிர வேறெதையும் நம்பாமல் தொடங்குங்கள்.

படி 3: சான்றிதழ் என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது

சான்றிதழைப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது எந்த ஆண்டில் கொடுத்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. அமெரிக்காவில் பிஜி-13 என்ற பிரிவே 1984இல்தான் வந்தது. அதற்கு முன் வந்த படங்களுக்கு பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), அடுத்தபடியாக நேரே ஆர் (17 வயதுக்குக் கீழே பெரியவரோடு மட்டும்). நடுவில் எதுவும் கிடையாது. அதனால் 1982இல் வந்த 'காந்தி'க்கு இருக்கும் பிஜியும், 1995இல் வந்த 'அப்போலோ 13'க்கு இருக்கும் பிஜியும் ஒன்றல்ல. 'காந்தி' அவர் சுடப்படுவதில்தான் தொடங்குகிறது. நடுவில் ஜாலியன்வாலாபாக் துப்பாக்கிச் சூடு முழுக்காட்சியாக வருகிறது. 'அப்போலோ 13'இல் பயம் உண்டு, ரத்தம் கிட்டத்தட்டக் கிடையாது.

இந்தியச் சான்றிதழிலும் இதே கதை. யூ/ஏ என்ற ஒற்றைப் பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாக உடைத்தது 2024இல் நடைமுறைக்கு வந்த விதிகளில்தான். அதற்கு முந்தைய படத்தில் வெறும் யூ/ஏ என்று இருந்தால் அது ஏழு வயதுக்கா பதினாறு வயதுக்கா என்று அந்த இரண்டு எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓடிடி தளங்களில் இந்த வயதுப் பிரிவு 2021 முதலே இருக்கிறது. எனவே பழைய படமாக இருந்தால், தியேட்டர் சான்றிதழைவிட அதே படத்துக்கு ஓடிடி போட்டிருக்கும் வயதைப் பாருங்கள். பிரிட்டனின் பிரிவுகளும் (யூ, பிஜி, 12ஏ, 15, 18) ஒரு நல்ல இரண்டாவது கருத்து. இரண்டு நாடுகளின் சான்றிதழ் ஒத்துப்போகவில்லை என்றால், முன்பார்வையைத் தவிர்க்கவே முடியாது என்று அர்த்தம்.

அடுத்தது, எந்த வடிவம். இசைமேதை மோசார்ட்டைப் பற்றிய 'அமேடியஸ்' 1984இல் தியேட்டருக்கு வந்தபோது 160 நிமிடம், பிஜி. 2002இல் வந்த இயக்குநர் பதிப்பு 180 நிமிடம், ஆர். பெயரும் போஸ்டரும் ஒன்றுதான். கூடுதலாக வந்த 20 நிமிடம்தான் வித்தியாசம். விமர்சனத்தில் படித்தது ஒரு பதிப்பு, வீட்டில் ஓடுவது இன்னொன்று என்று ஆகிவிடாமல் ஓடும் நேரத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பதிப்பு வேறு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு பொறி: அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கு. 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' (1988) 89 நிமிட ஜப்பானிய அனிமேஷன். 1945இல் கோபே நகரில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் கரைந்துபோவதுதான் கதை. முதல் காட்சியே அந்தப் பையனின் மரணம். போர்ப் படங்களிலேயே ஆகச் சிறந்தவற்றில் ஒன்று, சந்தேகமில்லை. கார்ட்டூன் என்று நினைத்து ஆறு வயதுக் குழந்தைக்குப் போட்டுவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

படி 4: அரை மணி நேர முன்பார்வை

முழுப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. தேவையும் இல்லை. இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் கதைச்சுருக்கத்தை முடிவு வரை படியுங்கள். முடிவு தெரிந்துவிடுமே என்ற கவலை இந்த வகைப் படத்துக்குப் பொருந்தாது. கட்டபொம்மன் கடைசியில் தப்பிவிடுவாரா என்று யாரும் நகம் கடித்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. அடுத்து திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியில் 'பேரண்ட்ஸ் கைடு' பகுதியைப் பாருங்கள். வன்முறை, பாலியல், வசவு, பயமூட்டும் காட்சி என்று பிரித்து எழுதியிருப்பார்கள். பார்வையாளர்கள் எழுதுவது என்பதால் மிகைப்படுத்தல் இருக்கும், ஆனால் விட்டுப்போவது அரிது.

பிறகு படத்தைப் போடுங்கள், எந்தப் பதிப்பை எந்த டிவியில் ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே. முதல் 10 நிமிடம் முழுதாக. அங்கேயே நீங்கள் நெளிந்தால் பிள்ளைகள் நிச்சயம் எழுந்து போவார்கள். அப்புறம் குறித்து வைத்த காட்சிகளுக்குத் தாவிப் பாருங்கள், சத்தத்தோடு. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்து "ஒன்றும் பயங்கரமாக இல்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. பயத்தில் பாதி காதுவழியாகத்தான் வருகிறது. கடைசி 15 நிமிடத்தையும் பாருங்கள், தூங்கப் போகும்போது மனதில் நிற்பது அதுதான்.

ஒரு துண்டுக் காகிதத்தில் இப்படிக் குறித்துக்கொள்ளலாம்: "1.12 – தூக்கு – 40 நொடி – முன்பே சொல்." ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றில் ஒரு முடிவுதான்: அப்படியே விடு, முன்பே சொல், தாண்டு. "தாண்டு" நான்கைத் தாண்டினால் படத்தையே மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டிக்கொண்டே போனால் கதை கந்தலாகிவிடும், என்னதான் மறைக்கிறீர்கள் என்ற ஆர்வமும் ஏறிக்கொண்டே போகும். "முன்பே சொல்" என்பது பலர் நினைப்பதைவிட வலுவான ஆயுதம். "இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் மேல் சுடுவார்கள், அரை நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டால் பத்து வயதுக் குழந்தைக்குக் காட்சி கையில் வந்துவிடுகிறது. எதிர்பாராமல் வருவதுதான் கனவில் வரும்.

படி 5: கற்பனை எங்கே தொடங்குகிறது?

வழிகாட்டியில் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. படம் பார்த்து ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும், அவர்களுக்கு நினைவிருப்பது மிக நன்றாக எடுக்கப்பட்ட காட்சி. அது பெரும்பாலும் நடக்காத காட்சியாகத்தான் இருக்கும். ஏனென்றால் நடந்ததை இயக்குநர் இருந்தபடி எடுக்க வேண்டியிருந்தது, நடக்காததைத்தான் இஷ்டம்போல் அழகாக எடுக்க முடிந்தது.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) குடும்பமாகப் பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம். ஏறக்குறைய மூன்று மணி நேரம், சின்னவர்களும் உட்கார்வார்கள், நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கிய கதையும் மெல்ல உள்ளே வருகிறது. கடைசிக் காட்சியில் குடும்பம் மலையேறித் தப்புகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் எல்லையில் இருக்கும் அந்த மலையைத் தாண்டினால் போய்ச் சேருமிடம் ஜெர்மனி, அதாவது யாரிடமிருந்து ஓடினார்களோ அவர்களின் வாசல். உண்மையில், படம் சொல்லும் நிஜக் குடும்பமான வான் டிராப் குடும்பம் 1938இல் ரயில் ஏறி இத்தாலிக்குப் போனது. கதாநாயகி மரியா அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஏழு பிள்ளைகளுக்கும் ஆசிரியையாக அல்ல, உடல்நலம் குன்றியிருந்த ஒரு மகளுக்குப் பாடம் சொல்ல. பிள்ளைகளின் அப்பாவான கேப்டனோடு அவருக்குத் திருமணம் நடந்தது 1927இல். படத்தில் திருமணமும் நாஜி வருகையும் அடுத்தடுத்து நடக்கின்றன, நிஜத்தில் நடுவே பத்தாண்டுக்கு மேல் இடைவெளி. விசில் ஊதி அதட்டும் கேப்டன்? அவர் பிள்ளைகள் அவரை இசைப் பிரியராகவும் மென்மையானவராகவும்தான் நினைவுகூர்ந்தார்கள்.

இதனால் படம் மட்டமாகிவிடவில்லை. ஒரு வரைபடத்தை எடுத்து சால்ஸ்பர்க்கைக் காட்டி "இந்த மலையைத் தாண்டினால் எங்கே போவார்கள்?" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால் போதும், அடுத்த படத்திலிருந்து அவர்களே கண்டுபிடிக்கத் தொடங்குவார்கள்.

எந்தப் படத்திலும் கற்பனை புகும் வாசல்கள் சிலதான். தெரிந்து வைத்திருந்தால் 15 நிமிடத் தேடலில் பிடித்துவிடலாம்.

பலரை ஒருவராக்குவது. 'செர்னோபில்' தொடரில் வரும் விஞ்ஞானி உலானா கோம்யுக் என்று ஒருவர் இல்லை. பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம் என்று தொடரே கடைசியில் எழுத்துப் போட்டுச் சொல்கிறது. இது நேர்மையான முறை. அதே தொடரில் விபத்தை ஆராய்ந்த விஞ்ஞானி லெகாசோவ் நீதிமன்றத்தில் அணு உலையை விளக்கும் காட்சிதான் உச்சக்கட்டம். அந்த விசாரணையில் அவர் கலந்துகொள்ளவே இல்லை.

காலத்தை நெருக்குவது. 'ஹிட்டன் ஃபிகர்ஸ்' (2016) 1961ஐ ஒட்டி நடக்கிறது. ஆனால் படம் காட்டும், நாசாவில் கறுப்பினப் பெண் கணிதர்களின் தனிப் பிரிவு 1958இலேயே கலைக்கப்பட்டது. மேலதிகாரி கறுப்பினப் பெண்களுக்கென்று இருந்த கழிப்பறைப் பலகையை உடைத்தெறியும் காட்சி நடக்காதது, அந்த மேலதிகாரியே பலரைச் சேர்த்துச் செய்த பாத்திரம். விண்வெளி வீரர் ஜான் கிளென் தன் பயணத்துக்கு முன் கணிதர் கேத்தரின் ஜான்சனைக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னது மட்டும் உண்மை. ஆனால் ராக்கெட் கிளம்பக் காத்திருக்கும் கடைசி நேரத்தில் அல்ல, அதற்குச் சில நாட்களுக்கு முன்.

வசனத்தை மெருகேற்றுவது. 'அப்போலோ 13' படத்தால் உலகப் புகழ் பெற்ற வாக்கியம் "ஹூஸ்டன், நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது" என்று நிகழ்காலத்தில் வரும். 1970 ஏப்ரலில் விண்கலத்திலிருந்து வந்த குரல், சிக்கல் "ஏற்பட்டுவிட்டது" என்ற தொனியில் இருந்தது. ஒரு காலம் மாறினால் பதற்றம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட இதைவிட நல்ல இலக்கணப் பாடம் இல்லை. நம் பக்கத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959): மேடை நாடகமாக வெற்றி பெற்றுப் பிறகு படமான கதை. வரி கேட்டவரிடம் பேசும் அந்த வசனம் மேடையின் கைதட்டலுக்காகப் பிறந்தது. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது வரலாறு. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

வில்லன் தேடுவது. இதுதான் உயிரோடு இருக்கும் குடும்பங்களைக் காயப்படுத்துவது. 'டைட்டானிக்' (1997) படத்தில் கப்பல் அதிகாரி முர்டாக் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்வார். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அவருடைய சொந்த ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்து, பட நிறுவன நிர்வாகி ஒருவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அங்குள்ள பள்ளிக்கு 5,000 பவுண்டு நன்கொடையும் கொடுத்தார்கள்.

காதல் சேர்ப்பது. 'பிரேவ்ஹார்ட்' (1995) படத்தில் ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸுக்கும் பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவுக்கும் காதல். வாலஸ் கொல்லப்பட்டது 1305இல். இசபெல்லா இங்கிலாந்துக்கு மணப்பெண்ணாக வந்ததே 1308இல், அதுவும் சிறுமியாக. ஸ்டிர்லிங் பாலப் போரைப் பாலமே இல்லாமல் எடுத்திருப்பதும் இதே படம்தான்.

'பொன்னியின் செல்வன்' படத்துக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் சுவாரசியம் கூடும். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலையில் சம்பந்தப்பட்ட ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரின் உறவினர் சொத்துகள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. வந்தியத்தேவர் பெயர் குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி? எந்தக் கல்லிலும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் வாராவாரம் தொடர்கதையாக எழுதியபோது கல்கி படைத்த பாத்திரம். படத்திலேயே அதிகம் நினைவில் நிற்பவர் அவர் என்பதைக் கவனிக்கவும்.

ஒரு எச்சரிக்கை: சில கற்பனைகள் சாதாரணமானவை, சில ஆபத்தானவை. 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்' (2008) நாஜி அதிகாரி ஒருவரின் மகன் வதைமுகாம் வேலியோரம் ஒரு யூதச் சிறுவனோடு நட்புக் கொள்ளும் கதை. அந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு வந்து இறங்கியதுமே கொல்லப்பட்டார்கள். யூத இன அழிப்பைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்தப் படத்துக்கு மூலமான நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொன்னது. ஆடை தவறாக இருப்பது ஒரு ரகம். கொலைகாரர்களின் பக்கத்து வீட்டுத் துயரமாகக் கொலையைக் காட்டுவது வேறு ரகம்.

படி 6: யார் பெயரில்லாமல் சாகிறார்கள்?

இதற்கு இரண்டு நிமிடம் போதும். முன்பார்வையில் பார்த்த போர்க்காட்சியில் எதிரிப் பக்கத்தில் பெயருள்ள, முகமுள்ள, ஒரு வாக்கியமாவது மனிதனாகப் பேசும் ஒருவர் இருக்கிறாரா? இல்லை என்றால் அது ஒரு இனத்தையோ மதத்தையோ பூச்சியாகக் காட்டும் படமாக இருக்கலாம். தடை போடத் தேவையில்லை, ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு பார்க்க அதைவிட நல்ல படங்கள் ஏராளம் இருக்கின்றன. அதே போரை மறுபக்கத்திலிருந்து சொல்லும் படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது பதின்ம வயதினருக்கு நல்ல ஜோடி. 1970இல் வந்த 'டோரா! டோரா! டோரா!' அமெரிக்கத் தளமான பேர்ல் ஹார்பர்மீது ஜப்பான் நடத்திய தாக்குதலை ஒரே படத்துக்குள் இரு பக்கத்திலிருந்தும் காட்டுகிறது.

படி 7: நீளமும் தொடர்களும்

'காந்தி' 191 நிமிடம். 'லகான்' 224. ஒரே மூச்சில் என்றால் கடைசி ஒரு மணி நேரம் யாருக்கும் நினைவில் நிற்காது. 12 வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் ஒரு அமர்வுக்கு 90 நிமிடம் என்று வெட்டுங்கள். வெட்டும் இடம் முக்கியம். ஒரு வெற்றிக்குப் பிறகோ ஒரு பயணம் முடிந்த பிறகோ நிறுத்துங்கள், ஒரு சாவுக்குப் பிறகு நிறுத்தாதீர்கள். இடைவேளை உள்ள படத்தில் இயக்குநரே அந்த வேலையைச் செய்து வைத்திருப்பார். இரண்டு அமர்வுக்கு நடுவில் இரண்டு நாளுக்கு மேல் போனால் பாத்திரங்களின் பெயர் மறந்துவிடும்.

தொடர் என்றால் முதலில் பகுதிகளை எண்ணுங்கள். 'செர்னோபில்' 5 பகுதி, முடித்துவிடலாம். 'தி கிரவுன்' 6 சீசன், 60 பகுதி. குடும்பமாகத் தொடங்கி மூன்றாவது சீசனில் ஒருவர் மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். 53 பகுதிகள் கொண்ட ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' (1988) வேறு மாதிரி. ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் ஒரு காலகட்டத்தைத் தனியாக எடுத்துக்கொள்வதால் வேண்டியதைப் பொறுக்கிப் பார்க்கலாம். அவரே இயக்கிய 'சம்விதான்' (2014) இந்திய அரசியலமைப்பு உருவான கதை, 10 பகுதி, வாரம் ஒன்று என்றால் இரண்டரை மாதம். தொடருக்கு முன்பார்வை செய்யும்போது முதல் பகுதியோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் பகுதியை எப்போதும் பக்குவமாகத்தான் எடுப்பார்கள். 'செர்னோபில்' பார்ப்பவர்கள் பலருக்குத் தாங்க முடியாமல் போவது நான்காம் பகுதியில் கைவிடப்பட்ட நாய்களைச் சுடும் இடம்.

படி 8: மொழியும் டிவியும்

ஒன்பது வயதுக்குக் கீழே சப்டைட்டில் வேலைக்காகாது. எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். டப்பிங் போடுங்கள். பெரியவர்களுக்கு மூல மொழியே நல்லது. ஆவணப்படத்தில் அது கட்டாயம் என்றே சொல்லலாம், நேரில் பார்த்தவரின் நடுங்கும் குரலை டப்பிங் கலைஞர் மூடிவிடுவார்.

டிவியில் மாற்ற வேண்டியவை மூன்றுதான். மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தில் டிவி தானாக இடைச்செருகல் செய்வதால்தான் அரண்மனைக் காட்சி சீரியல் மாதிரித் தெரிகிறது. பழைய படங்கள் சதுரத்துக்குப் பக்கமான அகலத்தில் இருக்கும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், இழுத்து நிரப்பினால் எல்லோருக்கும் முகம் உப்பிவிடும். வசனம் கேட்காமல் ஒலியை ஏற்றி, போர் வந்ததும் பதறிக் குறைக்கும் தொல்லைக்கு ஒலி அமைப்பில் 'நைட் மோட்' இருக்கிறது.

படி 9: மூன்றைக் கொடுத்து வாக்கெடுப்பு

இவ்வளவு வடிகட்டிய பிறகும் "இதைத்தான் பார்க்கிறோம்" என்று அறிவித்தால் பதினான்கு வயதுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். சோதனையில் தேறிய மூன்று படங்களை முன்வைத்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும்: ஒரு விண்வெளி, ஒரு அரச குடும்பம், ஒரு போராட்டம் என்பதுபோல. "வரலாறு தெரிஞ்சுக்கலாம்" என்ற வார்த்தையை மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

படி 10: போடும் நாளில்

தொடங்கும் முன் முன்னுரை 5 நிமிடம், மூன்றே தகவல்: எங்கே, எப்போது, யாருக்கு யார் என்ன உறவு. 'பொன்னியின் செல்வன்' என்றால் ஒரு காகிதத்தில் சுந்தர சோழர், அவருக்குக் கீழே ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன் என்று மூன்று கோடு போட்டு மேசையில் வைத்துவிடுங்கள். இது இல்லாமல் பார்ப்பவர்கள் முதல் முக்கால் மணி நேரத்தைப் "இவர் யாரு?" என்று கேட்பதிலேயே கழிப்பார்கள். நான்காவது தகவலைச் சேர்த்தால் அது வகுப்பாகிவிடும்.

ஓடும்போது நிறுத்தி விளக்கும் ஆசையை அடக்குங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு நிறுத்தம் போதும், அதுவும் யாராவது கேட்டால். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ, அது பெரும்பாலும் சலிப்பல்ல, பயம். நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தொடர்வதா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

முடிந்ததும் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். மறுநாள் ஒரே ஒரு உண்மைப் பொருளைக் கண்ணில் படும்படி வையுங்கள்: 'அப்போலோ 13' பார்த்த வீட்டில் நாசா பொதுவில் வைத்திருக்கும் அந்தப் பயணத்தின் ஒலிப்பதிவு, 'பொன்னியின் செல்வன்' பார்த்த வீட்டில் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகம், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' பார்த்த வீட்டில் வான் டிராப் குடும்பத்தின் பழைய புகைப்படம். "அட, இவர் படத்தில வர்றவர் மாதிரியே இல்லையே" என்று யாராவது சொன்னதும் அடுத்த படத்துக்கான மூன்று பெயர்களை எடுத்து வைக்கலாம்.